பழைய லேத் உடம்புக்குப் பட்டி போடும் முன் என்ன செய்யணும்?

ஆயில்கேன்:
வார்ப்பிரும்பு உடம்பு, பெயின்ட் உரிச்சாச்சு. மண்ணெண்ணெயில் துடைச்சுட்டு நேரா பாலியஸ்டர் பட்டி (பள்ளம் மேடு நிரப்புற பூச்சு) போடலாமா? எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசா அரிச்சுப் பிடிக்கிற அடிப்பூச்சு) அடிக்கணுமா?

பட்டறைவாசி:
மண்ணெண்ணெய் வேண்டாம் நண்பரே, அதுவே எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகும். தின்னரில் நனைச்ச துணியால துடைங்க. ஈரம் காயறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால ஒத்தி எடுக்கணும். வார்ப்பிரும்புத் துளைக்குள்ள பழைய எண்ணெய் ஊறிக் கிடக்கும். தின்னர் முழுசா ஆவியானதும் ஹீட் கன்னால சூடாக்கினா கசிஞ்சு வெளிய வரும். கசிவு நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பத் துடைக்கணும். பட்டி தகடா உரிஞ்சு வர்றதுக்குப் பெரும்பாலும் இந்த எண்ணெய்தான் காரணம்.

அப்புறம் 80 நம்பர் உப்புத்தாளால கீறல் விழத் தேய்ங்க. வழவழப்பா இருந்தா பிடிக்காது. பெட் வழித்தடத்தை (லேத்தோட பாகங்கள் நகர்ற தடம்) முதல்ல மூடிடுங்க. தேய்ச்ச தூள் அங்க போனா லேத்துக்கே கேடு.

கோவைக்காரன்:
எட்ச் பிரைமர்ல அமிலம் இருக்கு, அது மேல பாலியஸ்டர் பட்டி வேண்டாம். எபாக்ஸி பிரைமர்னா சரி.

ஆயில்கேன்:
நன்றி அண்ணா. பட்டியை இறுக வைக்கிற ஹார்ட்னர் எவ்வளவு?

கோவைக்காரன்:
பொதுவா 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். டப்பாவில போட்டிருக்கிறதையும் பாருங்க. கூடினா மேல் பெயின்ட்ல கறை தெரியும், குறைஞ்சா பிசுபிசுப்பு போகாது. ஒரு பூச்சு 2-3 மி.மீ. தாண்ட வேண்டாம். தண்ணி விட்டுத் தேய்க்காதீங்க, பட்டி ஈரத்தை உறிஞ்சி அடியில துரு கிளப்பும்.