புதுப்பிப்பு: ஊராட்சியின் ஃப்ளோரைடு பரிசோதனை அறிக்கைகள் கிடைத்துவிட்டன

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காகத் தர்மபுரி மாவட்ட ஊராட்சி ஒன்றின் குடிநீர் ஃப்ளோரைடு அறிக்கைகளை எப்படி வாங்குவது என்று கேட்டிருந்தேன்.

ஆர்டிஐ போடச் சொன்னவர்கள்தான் அதிகம். போட்டேன், 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. கைகொடுத்தது, கிராம சுகாதார செவிலியரைப் பிடியுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான். அந்தச் செவிலியர் அக்கா ஒரு வார்த்தை சொன்னதும் ஊராட்சி செயலர் பீரோவிலிருந்து ஃபைலையே எடுத்து வைத்துவிட்டார், ஒவ்வொரு போர்வெல்லுக்கும் தனித்தனி ஆய்வக அறிக்கை. அனுமதிக் கடிதமும் தந்தார், கல்லூரி நெறிமுறைக் குழுவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எதிர்பாராதது ஒன்று: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் வராத நாட்களில் போர்வெல் தண்ணீரை அதே தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். டேங்க் ஆபரேட்டர் சொல்லித்தான் தெரியும், எந்த அறிக்கையிலும் இல்லை. அதனால் மாதிரியைத் தெருக்குழாயில் எடுங்கள், அன்று எந்தத் தண்ணீர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டிய ஃப்ளோரைடு அளவு, இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 படி லிட்டருக்கு 1 மி.கி., வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5.

அப்புறம், ஃப்ளோரைடு அதிகமானால் வரும் பல் கறை காட்டுவது பல் உருவான வயதில் குடித்த தண்ணீரை. பெரிய பிள்ளைகளின் பல்லை வைத்து இன்றைய குழாய்த் தண்ணீரை எடைபோட முடியாது.