68 மஸ்டாங் முன் சஸ்பென்ஷன்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, என் 1968 ஃபோர்டு மஸ்டாங் காரின் முன்பக்கத்தை முழுசாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஹைவேயில் வண்டி தானாக இடமும் வலமும் அலைந்தது. ஸ்டியரிங் இரண்டு அங்குலம் சும்மாவே ஆடியது.

இதில் காயில் ஸ்பிரிங் மேல் கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) மீது உட்கார்ந்திருக்கும். ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங் இருக்கும் டவருக்குள் ஸ்பிரிங்கை அழுத்தும் கம்ப்ரெஸர் விட்டு அதை எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பால் ஜாயின்ட், புஷ், ஐட்லர் ஆர்ம், டை ராட் எண்ட் என்று தேயும் இணைப்புப் பாகங்கள் எல்லாம் புதுசு வாங்கியாச்சு.

டவரில் மேல் ஆர்ம் மாட்டும் துளைகளை ஒரு அங்குலம் இறக்கும் 'ஷெல்பி டிராப்' சாதாரண ஓட்டத்துக்குத் தேவையா? டவரில் துளை போட மனசு வரவில்லை. ரேடியல் டயருக்கு காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்-பின் சாய்வு) எத்தனை டிகிரி வைத்திருக்கிறீர்கள்? கையேட்டில் இருப்பது ரேடியலுக்கு முந்தைய பயாஸ் டயர் காலத்துக் கணக்கு.

பெரிய தலைவலி ஸ்டியரிங் பாக்ஸ். உள்ளே பற்களின் இடைவெளியைச் சரிசெய்யும் செக்டர் ஷாஃப்ட் ஸ்க்ரூவை, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதுள்ள ஆட்டம் போகிற அளவுக்குத் திருகினால், வளைவில் இறுகிக்கொள்கிறது. பல் தேய்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பிரித்துச் சரிசெய்தவர்கள் இருக்கிறீர்களா, இல்லை புது பாக்ஸே மாட்டிவிட்டீர்களா? சனிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும், கராஜில் வேறு வண்டி நிறுத்த இடமில்லை.