வாடகைத்தாய் முறைக்குப் போகலாமா? எங்கள் வீட்டில் நடந்தது

இங்கே சிலர் இதே குழப்பத்தில் இருப்பதால் எழுதுகிறேன். எனக்குப் பிரசவத்தில் கர்ப்பப்பை கிழிந்துவிட்டது. குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை, ரத்தப்போக்கு நிற்காததால் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஓவரி நன்றாகவே இருந்தது. கருமுட்டை என்னுடையது, விந்தணு அவருடையது, சுமப்பதற்கு மட்டும் ஒருவர் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எங்கள் இருவருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது.

2021-ல் வந்த வாடகைத்தாய் சட்டம் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சுமப்பவருக்குக் கூலியாகப் பணம் கொடுக்கவே கூடாது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் சொல்லியிருக்கிற செலவுகள், அவ்வளவுதான். அவர் கல்யாணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக, 25-லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சுமக்கலாம். நம் பக்கம் மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55. மாவட்ட மருத்துவ வாரியச் சான்று, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குழந்தை நம்முடையது என்று உத்தரவு, அப்புறம் தகுதிச் சான்றிதழ். அலைந்தால் இதெல்லாம் கிடைத்துவிடும். ஆனால் பணம் வாங்காமல் பத்து மாதம் சுமக்க யார் வருவார்கள்? பெரும்பாலும் சொந்தத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது, அங்கேதான் சிக்கலே.

மாமியார் என் நாத்தனாரிடம் பேசிவிட்டு வந்து "அவ சம்மதிச்சுட்டா" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவளுடைய பிரசவத்திலேயே பிரஷர் ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். ஒரு நாள் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "அம்மாவே வந்து கேட்டப்புறம் எப்படி அண்ணி மாட்டேன்னு சொல்றது?" என்றாள். அன்றைக்கே நானும் அவரும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மாமியார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வலித்தது, ஆனாலும் இந்த முடிவில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிற பெண்ணின் சம்மதத்தை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைப் பெற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இப்போது தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். வரிசை நீளம்தான்.

இன்னொருவரின் பதில்:

நீங்கள் செய்தது சரி சகோதரி. எங்களுக்கு வேறு மாதிரி அமைந்தது, அதையும் சொல்கிறேன். பிறவியிலேயே எனக்குக் கர்ப்பப்பை இல்லை. என் பெரியம்மா மகள் தானாக வந்து "நான் சுமக்கிறேன்டி" என்றாள். அப்போதும் நாங்கள் உடனே சரி என்று சொல்லவில்லை, அவள் கணவர், எங்கள் அத்தானும் கூட வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்கட்டும் என்றோம். கரு கலைந்தால் என்ன, உயிருக்கு ஆபத்து என்றால் என்ன என்று அவர் கேட்ட கேள்விகள் எங்களுக்குத் தோன்றாதவை. கருவை வைப்பதற்கு முன்னால் எந்த நிமிஷத்திலும் அவள் விலகிக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. அதை டாக்டர் சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள், நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கவும் முடியாது.

குழந்தை பிறந்த பிறகு எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள், அதைப் பற்றி முன்னால் யாருமே பேசவில்லை. அவள் எழுந்து நடமாடும் வரைக்கும் சமையலுக்கும் அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முதல் நாளே யோசித்துவிடுங்கள். உங்களில் யாராவது மத்திய அரசு வேலையில் இருந்தால், 2024 ஜூன் விதித் திருத்தத்தின்படி சுமப்பவருக்கும் குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் தாய்க்கும் 180 நாள் விடுப்பு கிடைக்க வழி இருக்கிறது, ஆபிஸில் கேளுங்கள்.

கருமுட்டை சரியில்லாதவர்களுக்கு ஒரு விஷயம். 2023 மார்ச்சில் தானமாகப் பெறும் கருமுட்டை கூடவே கூடாது என்றார்கள். 2024 பிப்ரவரியில் அதைத் தளர்த்தி, மருத்துவக் காரணம் இருந்தால், தம்பதியில் ஒருவருடைய முட்டையோ விந்தணுவோ இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். பழைய தகவலை நம்பி நம்பிக்கை இழக்க வேண்டாம். காப்பீடு எடுக்கும்போது 36 மாதத்துக்கு இருக்கிறதா, பிரசவத்துக்குப் பின்னால் வரும் சிக்கலும் அதில் அடங்குகிறதா என்று பாலிசியை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.