அத்தை வீட்டுக் குழு: நாப்போலி ஜெயித்த மறுநாள்

சனி, 24 மே 2025

நித்யா, காலை 6:48
யாராவது எழுந்துவிட்டீர்களா? நாப்போலி இத்தாலி லீக் சாம்பியன்! காக்லியாரியை 2-0 என்று ஜெயித்துவிட்டார்கள். முதல் கோல் மெக்டோமினே, அந்தரத்தில் சாய்ந்தபடியே அடித்தான். இரண்டாவது லுகாகு. கடைசியில் நாப்போலி 82 புள்ளி, இரண்டாவது வந்த இன்டர் 81. முடியும்போது இரவு 2 மணிக்கு மேல் ஆகிவிட்டது, அப்புறமும் தூக்கமே வரவில்லை.

சேகர் மாமா, காலை 7:05
நானும் பார்த்தேன் நித்யா. எல்லாரும் மெக்டோமினே படத்தையே போடுகிறார்கள். போடட்டும், இந்த சீசனின் சிறந்த வீரர் விருதே அவனுக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் அவனுக்குப் பின்னால் ஆடிய பையனைக் கவனித்தாயா? லோபோட்காவுக்குக் காயம். பட்டத்தையே தீர்மானிக்கிற ஆட்டத்தில் அந்த இடத்துக்கு முதல் நிமிடத்திலேயே இறங்கியவன் பில்லி கில்மர்.

நித்யா, காலை 7:07
கவனிக்காமல் இருப்பேனா மாமா? செல்சியில் ஆடிய காலத்தில் இருந்தே எனக்குப் பிடித்த ஆள். எங்கள் கிளப் அவனை விற்றது இன்னமும் மனசு ஆறவில்லை.

பிரபு, காலை 7:31
எனக்கு என்னவோ அவனைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவைத்துப் பேசிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. 2020-இல் எங்கள் லிவர்பூலுக்கு எதிராக ஒரு ஆட்டம், 2021-இல் வெம்ப்ளியில் ஒரு ஆட்டம். நடுவில் என்ன செய்தான்?

விமலா அத்தை, காலை 7:40
காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? சரி, யார் இந்தக் கில்மர், எனக்கும் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க உங்கள் மாமா ஹாலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

நித்யா, காலை 7:52
அத்தை, ஸ்காட்லாந்துக்காரன். அடுத்த மாதம் 11-ஆம் தேதி வந்தால் 24 வயது. ஆர்ட்ரோசன் என்ற கடலோர ஊரில் வளர்ந்தவன். அங்கே கில்மார்னாக்கில் கிரேஞ்ச் அகாடமி என்று ஒரு பள்ளி. ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் தேர்ந்தெடுத்த ஏழு பள்ளிகளில் அது ஒன்று. படிப்பும் அங்கேயே, பயிற்சியும் பள்ளி நேரத்திலேயே. கூடவே ரேஞ்சர்ஸ் கிளப்பின் இளையோர் அணி. 15 வயதிலேயே பெரியவர்களோடு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். 2017-இல், 16 வயதில், செல்சி வாங்கிவிட்டது. முதல் தவணை மட்டும் 5 லட்சம் பவுண்டு என்று செய்தி.

விமலா அத்தை, காலை 7:55
16 வயதுப் பிள்ளையை ஊரை விட்டு லண்டனுக்கு அனுப்பினார்களா? அந்த அம்மா எப்படித்தான் இருந்தாளோ. நம் வீட்டில் காலேஜ் ஹாஸ்டலுக்கு அனுப்பவே ஒரு வாரம் அழுதோம்.

சேகர் மாமா, காலை 8:10
அங்கே அதுதான் வழக்கம் விமலா. நல்ல பையன் என்று தெரிந்தால் இங்கிலாந்துப் பெரிய கிளப்கள் 16 வயதிலேயே கொத்திக்கொண்டு போய்விடும். அதற்கு அப்புறம்தான் கஷ்டமே. போன இடத்தில் உலகத்தின் சிறந்த ஆட்கள் அதே இடத்துக்கு வரிசையில் நிற்பார்கள். செல்சியில் அப்போது யார் யார் என்று பார்: கான்டே, ஜோர்ஜினோ, கோவாசிச்.

நித்யா, காலை 8:14
ஆனால் அவனுக்கு ஒரு வழி திறந்தது மாமா. 2019-இல் செல்சிக்கு ஆள் வாங்கத் தடை விதித்தார்கள். பயிற்சியாளர் லாம்பார்ட் வேறு வழியில்லாமல் சொந்தப் பையன்களை இறக்கினார். மவுன்ட், ஆப்ரஹாம், ரீஸ் ஜேம்ஸ், கில்மர் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். 2020 மார்ச் 3, எஃப்ஏ கோப்பையில் லிவர்பூல். 2-0 ஜெயித்தோம், ஆட்ட நாயகன் கில்மர், வயது 18. ஐந்து நாள் கழித்து எவர்ட்டன், அதுதான் பிரீமியர் லீக்கில் முதல் நிமிடத்தில் இருந்து அவன் ஆடிய முதல் ஆட்டம். 4-0. மறுபடியும் அவனே ஆட்ட நாயகன்.

பிரபு, காலை 8:20
அந்த லிவர்பூல் ஆட்டத்தை மறக்க முடியுமா? ஃபாபின்யோவை ஒரு திருப்பில் வேறு பக்கம் அனுப்பிவிட்டுப் பந்தோடு போனான். ஃபாபின்யோ அந்தக் காலத்தில் எப்படிப்பட்ட ஆள்! அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நித்யா, காலை 8:22
அந்த வாரமே கொரோனா வந்து எல்லாம் நின்றுபோனது. ஜூனில் மறுபடி ஆட்டம் ஆரம்பித்தது, ஜூலையில் கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் முழங்காலில் அடி, அறுவை சிகிச்சை. மார்ச் மாதம் கையில் இருந்த வேகம் எல்லாம் அத்தோடு போச்சு.

சேகர் மாமா, காலை 8:41
பிரபு, நீ கேட்ட வெம்ப்ளி ஆட்டத்துக்கு வருகிறேன். 2021 ஜூன் 18. ஸ்காட்லாந்து 1998-க்கு அப்புறம் முதல் முறையாக ஒரு பெரிய போட்டிக்கு, யூரோ கோப்பைக்கு, வந்திருக்கிறது. முதல் ஆட்டம் செக் குடியரசிடம் தோல்வி. அடுத்தது இங்கிலாந்து, அதுவும் அவர்கள் மைதானத்தில். தேசிய அணிக்கு முதல் நிமிடத்தில் இருந்து ஒரு முறைகூட ஆடாத 20 வயதுப் பையனைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க் நடுவில் இறக்குகிறார். 0-0. ஆட்ட நாயகன் அவனே.

நான் அன்று பார்த்தது ஒரே விஷயம்தான். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் அவன் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பும். இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பின்னால் ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் டிஃபெண்டரிடம் போய்க் கையை நீட்டிப் பந்தைக் கேட்பான். பந்து காலில் படும்போதே உடம்பு பாதி திரும்பியிருக்கும். அப்புறம் ஒரே தட்டு, பந்து போய்விடும். பந்து கொடுத்த இடத்தில் நிற்கவும் மாட்டான், மூன்றடி தள்ளிப் போய் மறுபடி கேட்பான். ஆட்டம் முழுக்க இதேதான். டிவியில் கோல் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

நேற்றும் அதே கழுத்து, அதே கை. அதைத்தான் உன் அத்தை நான் கத்தினேன் என்கிறாள்.

விமலா அத்தை, காலை 8:44
அந்த வெம்ப்ளி ஆட்டத்துக்கு அப்புறம் பெரிய ஆளாகியிருக்க வேண்டுமே?

நித்யா, காலை 8:47
அதுதான் அத்தை வயிற்றெரிச்சல். மூன்று நாளில் அவனுக்கு கொரோனா. குரோஷியாவுடன் கட்டாயம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் அவன் இல்லை. கிளாஸ்கோவில் ஹாம்ப்டன் மைதானத்தில் 3-1 தோல்வி, ஸ்காட்லாந்து வெளியே. வெம்ப்ளியில் ஆட்டம் முடிந்து அவனோடு நின்று பேசிக்கொண்டிருந்த மவுன்டையும் சில்வெல்லையும்கூடத் தனிமைப்படுத்தினார்கள். அவர்கள் இங்கிலாந்து அணி, செல்சியில் அவனோடு ஆடுகிறவர்கள்.

பிரபு, காலை 9:02
சரி, அதெல்லாம் அவன் கெட்ட நேரம். ஆனால் அடுத்த சீசன் நாரிச்? ஒரு வருடம் கடனாகப் போனான். லீக்கில் 24 ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. அணியும் கடைசி இடத்தில் முடிந்து கீழே இறங்கியது. சொந்த ரசிகர்களே செல்சிக்குத் திரும்பிப் போ என்று பாடினார்கள். நல்ல ஆட்டக்காரன் என்றால் அங்கேதானே நிரூபித்திருக்க வேண்டும்?

சேகர் மாமா, காலை 9:30
இந்த இடத்தில் உன்னோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன். நாரிச் அந்த வருடம் எடுத்தது மொத்தம் 22 புள்ளி. பந்து அவர்களிடம் இருந்தால்தானே அவன் வேலை செய்ய முடியும்? கில்மர் மாதிரி ஒரு மிட்ஃபீல்டர் பந்தைத் தன் அணியிடமே வைத்திருக்கக் கற்றவன். தன் கோல் பெட்டிக்குள் குனிந்து நின்று 90 நிமிடமும் அடி வாங்குகிற அணியில் அவனைப் போட்டால், 170 சென்டிமீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் போகிற பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அவனை வரவழைத்த பயிற்சியாளர் ஃபார்க்கையும் நவம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவருக்கு வேறு திட்டம். பையனைக் குறை சொல்லி என்ன பயன்?

பழைய காலத்தில் நாங்கள் லீக் ஆடும்போதும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு அணியில் ராஜா மாதிரி ஆடுகிற பையன், இடம் மாறினால் பந்தே கிடைக்காமல் நிற்பான். காலில் இருக்கும் வித்தை எங்கேயும் போகாது. அதற்கு இடம் கொடுக்கிற அணி வேண்டும்.

நித்யா, காலை 9:34
நான் சொல்ல வந்ததை மாமா சொல்லிவிட்டார். அப்புறம் 2022 செப்டம்பர் 1, பிரைட்டன் வாங்கியது, ஏறக்குறைய 90 லட்சம் பவுண்டு. அவனை விரும்பி எடுத்த பயிற்சியாளர் கிரகாம் பாட்டர் ஒரு வாரத்தில் வேலையை விட்டு எங்கே போனார் தெரியுமா? செல்சிக்கு! கில்மர் எந்த வாசல் வழியாக வெளியே வந்தானோ அதே வாசலில் அவர் உள்ளே போனார்.

பிரபு, காலை 9:36
அடப்பாவமே.

நித்யா, காலை 9:41
பாட்டருக்குப் பதில் டி செர்பி வந்தார். முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்ச். முன்னால் கைசெடோவும் மெக் அலிஸ்டரும் இருந்தார்கள். 2023 கோடையில் மெக் அலிஸ்டர் உங்கள் லிவர்பூலுக்கு, கைசெடோ எங்கள் செல்சிக்கு, 10 கோடி பவுண்டுக்கும் மேல். அந்த வருடம்தான் கில்மருக்கு வாரா வாரம் ஆட்டம் கிடைத்தது. பின்னால் இருந்து பந்தைச் சின்னச் சின்னப் பாஸாகக் கொண்டுவருகிற அணி. மாமா சொன்ன அதே கழுத்து, அதே கை, எல்லாம் அங்கே நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் போன ஆகஸ்டில் நாப்போலி கேட்டது.

கார்த்திக், மதியம் 12:50
இப்போதுதான் எழுந்தேன், இங்கே காலை 8:20. 97 மெசேஜ்! கிளாஸ்கோவில் நேற்று ராத்திரி பப் எல்லாம் நிறைந்திருந்தது. இத்தாலி லீக்குக்கு இப்படிக் கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. மெக்டோமினே கோல் அடித்ததும் தெருவரைக்கும் சத்தம்.

கார்த்திக், மதியம் 12:58
பிரபு, இங்கே என்னோடு வேலை பார்க்கிற ஸ்காட்டிஷ் நண்பர்களும் நீ சொன்னதைத்தான் சொல்வார்கள், கொஞ்சம் வேறு மாதிரி. ‘அந்தப் பையன் செல்சிக்குப் போயே இருக்கக் கூடாது’ என்று. அவர்கள் காட்டும் உதாரணம் லூயிஸ் ஃபெர்குசன். ஹாமில்டனில் ஆரம்பித்து, அபர்டீனில் நான்கு சீசன், நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடிவிட்டு 2022-இல் போலோனியாவுக்குப் போனான். பத்து நாள் முன்னால் மிலானை 1-0 என்று வீழ்த்தி இத்தாலிக் கோப்பையை வாங்கினார்களே, அந்த அணியின் கேப்டன். போலோனியாவுக்கு 51 வருடம் கழித்துக் கிடைத்த கோப்பை. நடுவில் முழங்கால் தசைநார் கிழிந்து போன வருட யூரோவே போய்விட்டது, அதிலிருந்தும் எழுந்து வந்தான்.

பிரபு, மதியம் 1:06
அதேதான்! 18, 19 வயதில் வாராவாரம் ஆட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து சாம்பியன்ஸ் லீக் மெடல் வாங்கி என்ன செய்வது?

நித்யா, மதியம் 1:09
2021 ஃபைனலில் பெஞ்சில் இருந்தான் என்பது உண்மை. ஆனால் அந்த வயதில் தினமும் பயிற்சியில் கான்டேவுக்கு எதிராக ஆடியது ஒன்றும் இல்லாமல் போகுமா?

சேகர் மாமா, மதியம் 1:35
சாப்பிட்டு வந்தேன். இதில் பிரபு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஃபெர்குசன் உடம்பு வேறு, அவன் ஓடி மோதி கோலும் அடிப்பவன், ஸ்காட்லாந்து லீக்கில் அப்படிப்பட்டவன் சீக்கிரம் ஊன்றிவிடுவான். கில்மரை அந்தச் சேற்று மைதானத்தில் நாலு வருடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் 19-இல் இருந்து 21 வரைக்கும் அவன் இன்னும் நிறைய ஆடியிருக்க வேண்டும். அதில் எனக்கும் வருத்தம்தான்.

நேற்றைய நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். நாப்போலியிலும் அவன் முதல் ஆள் கிடையாது. லோபோட்கா இருந்தால் பல வாரம் வெளியேதான். முன்பு என்றால் இதுவே அவனை உடைத்திருக்கும். இப்போது கூப்பிட்ட அன்றைக்கெல்லாம் தயாராக நிற்கிறான். பயிற்சியாளர் அன்டோனியோ கோன்டேயே தடை வாங்கி மேலே கேலரியில் உட்கார்ந்திருக்கிறார், ஊரே பட்டத்துக்காகக் காத்திருக்கிறது, இவன் டிஃபெண்டரிடம் போய் நிதானமாகப் பந்தைக் கேட்கிறான். 23 வயதுப் பையன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விமலா அத்தை, மதியம் 1:38
அது உண்மை. நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

கார்த்திக், மதியம் 1:44
இங்கே இப்போது அடுத்த பேச்சு லெனான் மில்லர். மதர்வெல் அணி, 18 வயது, அதற்குள்ளேயே கேப்டன் பட்டை கட்டி ஆடிவிட்டான். அவனும் மிட்ஃபீல்டர். அப்பா லீ மில்லரும் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர். எந்தக் கிளப்புக்குப் போகப்போகிறான் என்று தினமும் ஒரு செய்தி.

சேகர் மாமா, மதியம் 1:47
யாராவது அவன் காதில் போடுங்கள்: பணம் எவ்வளவு என்று அப்புறம் பார்க்கலாம், வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஆடவிடுவாய், பந்து உன் அணியிடம் இருக்குமா, இந்த இரண்டையும் முதலில் கேள் என்று.

பிரபு, மதியம் 1:50
இதற்கு நான் முழு ஆதரவு மாமா.

நித்யா, மதியம் 1:52
இன்னொன்று விட்டுப்போச்சு. கில்மர் ஸ்காட்லாந்துக்கு அடித்த முதல் கோல் போன செப்டம்பர் 5, போலந்துக்கு எதிராக. நாப்போலியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 3-2 தோற்றார்கள், ஆனாலும் அந்த கோலை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கார்த்திக், மதியம் 2:03
ஜூன் 6 ஹாம்ப்டனில் ஐஸ்லாந்துடன் நட்பு ஆட்டம் இருக்கிறது. டிக்கெட் பார்க்கிறேன். அப்புறம் செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, டென்மார்க், கிரீஸ், பெலாரஸ் இருக்கும் பிரிவு. 1998-க்கு அப்புறம் இவர்கள் உலகக் கோப்பை பக்கமே போகவில்லை. இந்த முறை மெக்டோமினே, கில்மர், ஃபெர்குசன், மெக்கின் எல்லாரும் இருக்கும்போது போகாவிட்டால் எப்போது போவது என்று இங்கே பேச்சு.

சேகர் மாமா, மதியம் 2:06
டிக்கெட் கிடைத்தால் எனக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்புடா. பந்து போகிற பக்கமெல்லாம் போனைத் திருப்பாதே. கில்மர் இறங்கினால் ஐந்து நிமிடம் அவனை மட்டும் பிடி, பந்து அவனிடம் இல்லாத ஐந்து நிமிடம்.

கார்த்திக், மதியம் 2:08
சரி மாமா. மேல் வரிசையில் டிக்கெட் எடுக்கிறேன், அங்கிருந்தால் மைதானம் முழுக்கத் தெரியும்.