ஃபிலிம் ஸ்கேனர் மூன்றாவது முறையாக நின்றுவிட்டது, அவசரம்

நெகட்டிவ்பெட்டி:
வணக்கம். ஸ்கேனர் மறுபடியும் கர்ர்ர் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை சர்வீஸுக்குக் கொடுத்து 38,000 ரூபாய் போய்விட்டது. அப்பாவின் ஸ்டூடியோ நெகட்டிவ் இன்னும் நான்கு பெட்டி இருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

இருட்டறை:
எந்த மாடல்? ஃபிலிம் அளவு 35 எம்எம்மா, அதைவிட அகலமான 120-ஆ? இரண்டு முறையும் எதை மாற்றினார்கள்?

மின்பணி:
எர்த்தைப் பாருங்கள் சார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்து எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று எழுதுங்கள். யுபிஎஸ் உண்டா?

பழைய_ரோல்:
இருபது வருடமாக ஸ்கேனரோடு இருக்கிறேன். கேட்பதற்கும் ஒரு முறை உண்டு, தம்பி. டாக்டரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அவர் எதற்கு மருந்து எழுதுவார்? முழு விவரம் எழுதுங்கள், பிறகு பேசலாம்.

நெகட்டிவ்பெட்டி:
மன்னிக்கவும், கடையிலிருந்து போனில் அவசரமாக எழுதினேன். கம்பெனி பெயர் வேண்டாம். 35, 120 இரண்டும் எடுக்கும், 4000 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 4000 புள்ளி), கம்ப்யூட்டரோடு பயர்வயர் கேபிளில் இணைப்பு. பழையதாக 1,60,000-க்கு வாங்கினேன். முதலில் மோட்டார் மாற்றினார்கள், அடுத்து போர்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் ஓடியது.

தஞ்சை_ஸ்டூடியோ:
இனி அதில் காசு போடாதீர்கள். 35 எம்எம் பிரேம் 4000 டிபிஐயில் சுமார் 21 மெகாபிக்சல்தான் வரும். நெகட்டிவை லைட் பாக்ஸ் வெளிச்சத்தின் மேல் வைத்து, 24 மெகாபிக்சல் கேமராவில் மேக்ரோ (மிக அருகில் எடுக்கும்) லென்ஸ் போட்டுப் படம் எடுத்தால் போதும். ஸ்கேனர் மாதிரி ஓடிப் பழுதாகிற தட்டு அதில் கிடையாது.

பழைய_ரோல்:
தூசி, கீறலை யார் எடுப்பது? ஸ்கேனரில் அகச்சிவப்புக் கதிர் அதைக் கண்டுபிடிக்கும், மென்பொருள் நீக்கும். கேமராவில் அது இல்லை.

தஞ்சை_ஸ்டூடியோ:
அவர் அப்பாவின் படங்கள் கறுப்பு வெள்ளையாக இருந்தால்? அதில் உருவமே வெள்ளித் துகள்தான். வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும், ஸ்கேனர் படத்தையே தூசி என்று எடுத்துக்கொள்ளும். கலர் நெகட்டிவில் இருப்பது சாயம், அதை அந்தக் கதிர் கடந்துபோகும். அங்கேதான் அது உதவும்.

பழைய_ரோல்:
கலரும் இருக்கலாமே. அவர் சொல்லவே இல்லை.

இருட்டறை:
அந்தச் சண்டை அப்புறம். நெகட்டிவ்பெட்டி, இரண்டு கேள்வி. நிற்பதற்கு முன் எடுத்த படங்களில் ஓரிடத்தில் மட்டும் உருவம் நசுங்கியோ, நேர்கோடு உடைந்தோ தெரிகிறதா? சத்தம் எந்த நேரத்தில் அதிகம்?

நெகட்டிவ்பெட்டி:
ஆமாம், ஒரு மணப்பெண் முகம் நடுவில் நசுங்கியிருக்கிறது. ஏசி போட்ட அறையில் காலை முதல் சுருளில்தான் சத்தம் அதிகம். எல்லாம் கறுப்பு வெள்ளை.

இருட்டறை:
அப்படியானால் மோட்டார், போர்டு இரண்டும் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன். ஃபிலிம் வைக்கும் தட்டை நகர்த்தும் திருகுதண்டில் பழைய கிரீஸ் இறுகியிருக்கும், குளிரில் இன்னும் கெட்டியாகும். இதில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார், அடி அடியாக நகர்வது. இந்த மாதிரி மோட்டார் எத்தனை அடி வைக்கச் சொன்னார்களோ அத்தனை அடி வைத்துவிட்டதாகவே கணக்கு. சுமை கூடினால் சில அடி தவறும், அங்கேதான் முகம் நசுங்குகிறது. கடைசியில் தொடக்க இடத்து சென்சாரைத் தேடித் தட்டு வராமல் போனால் விளக்கு மின்னும். புது மோட்டார் கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகுதண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் பிடித்தால் அதுதான். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, லித்தியம் கிரீஸ் மிக லேசாகப் பூசுங்கள். ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள், உள்ளே கண்ணாடியில் தெறித்தால் எல்லாப் படமும் மங்கும்.

மின்பணி:
எர்த்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நெகட்டிவ்பெட்டி (9 நாள் கழித்து):
கிரீஸ் பழுப்பு மெழுகு மாதிரி இருந்தது. துடைத்துப் பூசியாயிற்று. மூன்று சுருள் ஓடிவிட்டது, அந்த மணப்பெண் முகமும் சரியாக வந்தது. நேற்று ஒரு முறை லேசாகச் சத்தம், ஆனால் நிற்கவில்லை. கல்யாணப் பெட்டியை முதலில் முடிக்கிறேன். இருட்டறை சாருக்கு மிக்க நன்றி. எர்த் இன்னும் பார்க்கவில்லை.