சீரியல் கார்டு சர்வர் ஷிஃப்ட் மாறும்போது விழுகிறது – டீபக் கெர்னல் போட்டால் பிடிபடுமா?

கேள்வி – பர்கூர்

மாங்கூழ் ஆலை சர்வருங்க. ஆல்மாலினக்ஸ் 9, 8 ஜிபி ரேம். ஸ்டெரிலைசர் டெம்பரேச்சரும் ஃபில்லர் கவுண்ட்டும் 8 போர்ட் சீரியல் கார்டு வழியா இதுக்குத்தான் வருது. கார்டு டிரைவர் சோர்ஸாதான் கொடுத்தாங்க, இங்கேயே கம்பைல் பண்ணி ஏத்தியிருக்கு.

பெரும்பாலும் ஷிஃப்ட் மாறும்போதுதான் விழுது. சில நேரம் தானா ரீபூட் ஆகுது. சில நேரம் அப்படியே உறைஞ்சிடுது, நம்லாக் விளக்குகூட மாறல. ரீபூட் ஆனப்போ கேடம்ப் (கெர்னல் விழும்போது மெமரியை நகலெடுத்து வெக்கிற கருவி) எடுத்த ஒரு டம்ப்ல எக்ஸ்எஃப்எஸ் (டிஸ்க் ஃபைல் சிஸ்டம்) பேரு இருக்கு, இன்னொண்ணுல நெட்வொர்க் கோடு. உறையும்போது டம்ப்பே விழறதில்லை. மெம்டெஸ்ட் ராத்திரி பூரா ஓட்டியாச்சு, சுத்தம். கெர்னல்-டீபக்இன்ஃபோ போட்டும் ஒரு வித்தியாசமும் தெரியல. டிஸ்க்கை மாத்தணுமா? சீசன் நேரம், கொஞ்சம் சொல்லுங்க.

பதில் – ஓசூர்

டிஸ்க்கைத் தொடாதீங்க சார். மெமரி டெஸ்ட் சுத்தமா இருந்தும் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல விழுதுன்னா, யாரோ ஃப்ரீ பண்ணின (வேலை முடிஞ்சு திருப்பிக் கொடுத்த) மெமரியில இன்னும் எழுதிக்கிட்டிருக்காங்கன்னுதான் முதல்ல சந்தேகப்படணும். அந்த இடம் அடுத்து யாருக்குப் போச்சோ அவங்கதான் விழுவாங்க. டம்ப்ல பேரு வர்ற எக்ஸ்எஃப்எஸ் அடி வாங்கினது. அடிச்சது வேற ஆளு. சாதா கெர்னல் டம்ப்பை எத்தனை தடவை படிச்சாலும் அந்த ஆளு அதுல இருக்க மாட்டான்.

நீங்க போட்டது டீபக்இன்ஃபோ. அது க்ராஷ் டூல்ல டம்ப்பைப் படிக்கத் தேவையான சிம்பல் மட்டும்தான், ஓடுற கெர்னல்ல எதையும் மாத்தாது. உங்களுக்கு வேணுங்கிறது கெர்னல்-டீபக்ங்கிற பேக்கேஜ், அது தனி கெர்னல். இன்ஸ்டால் பண்ணி ரீபூட் ஆனதும் யுநேம் -ஆர் போட்டா கடைசியில +டீபக்னு வரணும். பூட் ஃபோல்டர்ல இருக்கிற கான்ஃபிக் ஃபைல்ல கேஏசான் (தப்பான மெமரி அணுகலைப் பிடிக்கிற கெர்னல் சோதனை) ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க. தப்பான இடத்துல கை வைக்கிற அந்த நொடியே கேஏசான் பிடிச்சுக் கொடுக்கும்.

அதுக்கு விலை உண்டு. ரேம்ல எட்டுல ஒரு பங்கை ஷேடோ மெமரின்னு எடுத்துக்கும், உங்க மெஷின்ல 1 ஜிபி. வேகமும் ரெண்டு மூணு மடங்கு குறையும். லைன் ஓடாத நேரத்துல வெச்சுக்கோங்க.

பதில் – தருமபுரி

உறையுறதுக்குத் தனி வேலை இருக்கு. பேனிக் (கெர்னல் தானே கைவிட்டு நிக்கிறது) ஆனாத்தான் கேடம்ப் எழுந்திருக்கும், உறைஞ்சு நின்னா அதுக்குத் தகவலே போகாது. அதனால சிஸ்கண்ட்ரோல்ல (கெர்னல் செட்டிங்கை மாத்துற கமாண்ட்) சாஃப்ட்லாக்கப்_பேனிக், ஹார்ட்லாக்கப்_பேனிக் ரெண்டையும் 1 ஆக்குங்க. என்எம்ஐ_வாட்ச்டாக் 1 தானான்னும் பாருங்க. நம்லாக்கே மாறலைன்னா இன்டரப்ட் அடைபட்ட நிலை, அதை என்எம்ஐ (அடைக்க முடியாத இன்டரப்ட்) மட்டும்தான் தட்ட முடியும். வாட்ச்டாக்_த்ரெஷ் 10ன்னா ஹார்ட் லாக்கப்புக்கு சுமார் 10 செகண்ட், சாஃப்ட்டுக்கு 20.

இன்னொண்ணு, இதுல நிறைய பேரு மாட்டிக்கிறாங்க. டம்ப் எடுக்க எழும்புற ரெண்டாவது கெர்னலும் டீபக் கெர்னலா இருந்தா, ஒதுக்கி வெச்ச 256 எம்பி அதுக்குப் பத்தாது. மெமரி இல்லாம அதுவே செத்துடும், டம்ப் வராது. சிஸ்கான்ஃபிக்ல கேடம்ப் ஃபைலைத் திறந்து, கேடம்ப்_கெர்னல்வெர் வரியில சாதா கெர்னல் வெர்ஷனைக் கொடுத்து சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் சிஸ்ரிக்-ட்ரிக்கருக்கு ஒரு "சி" எழுதி, வேணும்னே ஒரு தடவை விழ வெச்சு டம்ப் வருதான்னு பாத்துடுங்க. அதுக்கு முன்னாடி லாக்கரை (போர்ட் டேட்டாவைப் பதிவு பண்ற புரோகிராமை) நிறுத்தி, சிங்க் (பாக்கியை டிஸ்க்குல எழுதி முடிக்கிற கமாண்ட்) அடிச்சிருங்க.

கேட்டவர் – பர்கூர்

வேணும்னே விழ வெச்சதுல டம்ப் வந்துச்சு. ஆனா டீபக் கெர்னல்ல கார்டு டிரைவர் ஏற மாட்டேங்குது, "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்"னு சொல்லுது.

பதில் – ஓசூர்

பழைய கெர்னலுக்குக் கட்டின மாட்யூல், இதுல ஏறாது. கெர்னல்-டீபக்-டெவல் போட்டு, மேக் க்ளீன் அடிச்சு, இந்தக் கெர்னல் மேலேயே திரும்பக் கட்டுங்க. இப்படிக் கட்டினாத்தான் உங்க டிரைவர் கோடுக்குள்ளேயும் கேஏசான் சோதனை புகும்.

மாட்இன்ஃபோவுல லைசென்ஸ் வரியையும் பாருங்க. ஜிபிஎல் இல்லாத மாட்யூல் ஏறின உடனே லாக்டெப் (லாக், அதாவது பூட்டு போடுறதுல வர்ற தப்பைக் காட்டுற சோதனை) தானா அணைஞ்சிடும், டீமெசேஜ்ல (கெர்னல் செய்திகள்ல) அதைச் சொல்ற வரியும் வரும்.

ஷிஃப்ட் மாறுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மறுமுனையில இருந்து டேட்டா வந்துக்கிட்டே இருக்கட்டும், 8 போர்ட்டையும் திறந்து மூடுற சின்ன லூப் ஒண்ணு ஓட்டுங்க.

கேட்டவர் – பர்கூர்

கொஞ்ச நேரத்துலேயே வந்துடுச்சு. "கேஏசான்: யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ", கீழே டிரைவரோட போல் டைமர் ஃபங்ஷன். "அலகேட்டட் பை டாஸ்க்"ல போர்ட் ஓப்பன், "ஃப்ரீட் பை டாஸ்க்"ல போர்ட் க்ளோஸ்.

பதில் – தருமபுரி

பிடிச்சாச்சு. க்ளோஸ்ல பஃபரை கேஃப்ரீ பண்றாங்க (மெமரியைத் திருப்பிக் கொடுக்கிறாங்க), ஆனா டைமர் இன்னும் உயிரோட இருக்கு. அது மறுபடி அடிக்கும்போது செத்த பஃபர்ல எழுதுது. ஷிஃப்ட் மாறும்போது லாக்கர் எல்லாப் போர்ட்டையும் மூடித் திறக்கும், அதனாலதான் அந்த நேரத்துல விழுந்திருக்கு.

சோர்ஸ் கையில இருக்கிறதால சரி பண்ணலாம். க்ளோஸ் ஃபங்ஷன்ல முதல்ல அந்தப் போர்ட்டோட இன்டரப்ட்டை நிறுத்துங்க, இல்லைன்னா அது டைமரைத் திரும்ப எழுப்பி விடும். அடுத்து டெல்_டைமர்_சிங்க். அதுக்கப்புறம்தான் கேஃப்ரீ. சிங்க் இல்லாத டெல்_டைமர் போதாது, வேற சிபியுவில ஓடிக்கிட்டிருக்கிற டைமருக்கு அது காத்திருக்காது. டைமர் ஃபங்ஷன் எடுக்கிற லாக்கைக் கையில வெச்சுக்கிட்டு டெல்_டைமர்_சிங்க்கைக் கூப்பிடவும் கூடாது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நின்னுடும். அப்படி இருந்தா டீபக் கெர்னல்ல லாக்டெப் காட்டிக் கொடுத்துடும், அதனால திருத்தின டிரைவரையும் முதல்ல இதுலேயே அதே லூப்போட ஓட்டிப் பாருங்க.

பதில் – ஓசூர்

அதுவரைக்கும் லாக்கர் செட்டிங்கை மாத்தி, ஷிஃப்ட் மாறினாலும் போர்ட்டை மூடாம வெச்சுக்கோங்க. லாக் ஃபைல் பேரை மட்டும் மாத்தினாப் போதும். கேஏசான் ரிப்போர்ட்டை அலகேட்டட், ஃப்ரீட் பகுதிகளோட முழுசா கார்டு கம்பெனிக்கு அனுப்புங்க, பாதியை வெட்டி அனுப்பினா அவங்களால தேட முடியாது. லைனை ஓட்டுறதுக்கு முன்னாடி க்ரபியில (எந்தக் கெர்னல்ல பூட் ஆகணும்னு சொல்ற கருவி) செட்-டீஃபால்ட் கொடுத்து சாதா கெர்னலுக்குத் திரும்புங்க, திருத்தின டிரைவரை அதுக்கும் ஒரு தடவை கட்டணும்.