முள்ளெலிப் படத்துப் பனிமூட்டம்: மேசையில் எடுத்துப் பார்த்தவங்க அளவோட சொல்லுங்க

ஒண்டிக்கடை:
ரஷ்ய அனிமேஷன் இயக்குநர் யூரி நோர்ஷ்டைன் 1975-ல் எடுத்த ‘பனிமூட்டத்தில் முள்ளெலி’ பத்து நிமிஷ அனிமேஷன் படம்தான். ஆனா அதுல வர்ற மூட்டத்தைப் பத்தி இன்னும் பேசி முடியல. கம்ப்யூட்டர் கிடையாது, புகையும் கிடையாது. மெல்லிசான தாளை ஓவியத்து மேல வெச்சு, ஃப்ரேம் ஃப்ரேமா கேமராவை நோக்கித் தூக்கினதுதான் அந்த மூட்டம். ஏற்காட்டுல ஒரு சின்னக் காட்சி எடுக்கிற பசங்களுக்காகக் கேக்கிறேன். தாள், அதைத் தூக்குற உயரம், லைட்டு எல்லாம் என்ன கணக்கு?

செவ்வாப்பேட்டை:
முதல்ல புகையை ஏன் விடணும்னு புரிஞ்சுக்கணும். ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல பொம்மையை (ஷீட்டுல வரைஞ்சு வெட்டின உருவத்தை) நகர்த்த ஒரு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள புகை வேற இடத்துக்குப் போயிடும். ஓட்டிப் பார்த்தா வெட்டி வெட்டித் துடிக்கும். தாள் நாம தூக்கினாத்தான் நகரும், அதனால அதுதான் சரி.

அமைப்பு: கேமரா மேல இருந்து நேர் கீழ பார்க்கும். கீழே பின்னணி ஓவியம். 3 இன்ச் மேல ஒரு கண்ணாடி, அதுல மரம், புல். இன்னொரு 3 இன்ச் மேல அடுத்த கண்ணாடி, அதுல முள்ளெலி. 5 மி.மீ. கண்ணாடி, 2 அடிக்கு ஒன்றரை அடி போதும். விளிம்பைக் கடையிலேயே தேய்ச்சு வாங்குங்க, இல்லேன்னா கை போயிடும். அதுக்கு மேல மரச்சட்டத்துல இழுத்து ஒட்டின டிரேசிங் பேப்பர்.

தாள் பொம்மையைத் தொட்டிருக்கும்போது கோடெல்லாம் தெரியும். தூக்கத் தூக்க கரையும். சாதாரண டிரேசிங் பேப்பர்ல 30 மி.மீ.க்குள்ள எல்லாம் வெள்ளையாயிடும். சட்டத்தோட நாலு மூலையிலும் 8 மி.மீ. த்ரெட் ராடு (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) போட்டு நட்டு மேல உக்கார வைங்க. அந்த ராடுல ஒரு முழுச் சுத்துக்கு 1.25 மி.மீ. ஏறும். படத்துக்கு அரைச் சுத்துன்னா 48 படத்துல 30 மி.மீ. நொடிக்கு 12 படம் வீதம் ஓட்டினா நாலு நொடியில முள்ளெலி காணாமப் போயிடும். நட்டுல நெயில் பாலீஷ் புள்ளி வெச்சுக்கிட்டா அரைச் சுத்து தப்பாது.

நாலு நட்டும் ஒரே அளவு திருகலைன்னா ஒரு பக்கம் முன்னாடியே மங்கும். அதை வேணும்னே செய்யலாம்: மூட்டம் பக்கவாட்டுல இருந்து ஏறி வர்ற மாதிரி அருமையா இருக்கும்.

அம்மாபேட்டை:
இதையெல்லாம் சாஃப்ட்வேர்ல மங்கலாக்கிக்கலாமே? ரெண்டு நிமிஷ வேலை.

செவ்வாப்பேட்டை:
தம்பி, அது முழு உருவத்தையும் ஒரே அளவு மங்கலாக்கும். தாள் அப்படியில்ல. முள்ளெலியோட மூக்கு தாளுக்குக் கிட்ட இருந்தா மூக்கு கடைசியிலதான் மறையும், கீழ்க்கண்ணாடி மரம் முதல்லயே போயிடும். அந்த வித்தியாசத்துலதான் ஆழமே இருக்கு.

லேடீஸ் சீட் ரோடு:
மலை மேல எடுக்கிறவங்களுக்கு வேற தலைவலி. டிரேசிங் பேப்பர் ஈரத்தைக் குடிச்சுத் தொய்யும். தொய்வு நிழல் விழுந்து படத்துக்குப் படம் இடம் மாறும். நல்லா ஒட்டுன தாளும் மத்தியானத்துக்குள்ள அலை அலையா ஆயிடும். ஒரு ஷாட்டை நடுவுல நிறுத்தி மறுநாள் தொடர்ந்தா ஒட்டாது, ஒரே மூச்சுல முடிச்சிருங்க. இல்லேன்னா ட்ராயிங் ஆபீஸ்ல பயன்படுத்துற மேட் பாலியஸ்டர் ஷீட் வாங்குங்க. விலை கூட, ஆனா ஈரம் ஏறாது. அதுல தாள் மாதிரி நார் தெரியாது. எனக்கு அந்த நார் கொஞ்சம் தெரிஞ்சாத்தான் பிடிக்கும், அது அவங்கவங்க ருசி.

கண்ணாடியையும் கேமராவையும் குளிர்ந்த அறையில இருந்து ஆள் நிறைஞ்ச சூடான அறைக்குக் கொண்டுவந்தா ஆவி படியும். அரை மணி நேரம் விட்டுட்டு ஆரம்பிங்க. ஃபேன் கட்டாயம் ஆஃப்.

அம்மாபேட்டை:
லைட்டு நான் சொல்றேன். ரெண்டு தொகுதி வேணும். ஒண்ணு பொம்மை இருக்கிற கண்ணாடி மட்டத்துல, பக்கவாட்டுல, தாளுக்கு அடியில நுழையணும். இன்னொண்ணு தாளுக்கு மேல. அடி லைட்டு மட்டும்னா மூட்டம் அழுக்குச் சாம்பலா வரும். மேல் லைட்டைக் கூட்டினா வெளுக்கும். மூட்டம் அடர்த்தியாகணும்னா தாளைத் தூக்கும்போதே மேல் லைட்டையும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

ஹாலஜன் பல்பு வேண்டாம். தறி ஓடுற தெருவுல வோல்டேஜ் ஏறி இறங்கும், அதுகூட வெளிச்சமும் ஏறி இறங்கும், ஓட்டிப் பார்த்தா கண் சிமிட்டுற மாதிரி இருக்கும். பவர் பேங்க்ல ஓடுற எல்இடி நிம்மதி. கரண்ட் போனாலும் வேலை நிக்காது. ஷட்டர் அரை நொடி வெச்சுக்கோங்க, கரண்ட்ல ஓடுற லைட்டு ஏதாவது இருந்தாலும் அதோட துடிப்பு சராசரியாயிடும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணையும் பூட்டுங்க. ஃபோகஸ் பொம்மை மேல இருக்கணும். ஆட்டோவில விட்டா தாள் ஏற ஏற செல்போன் தாளைப் பிடிக்கப் போகும்.

செவ்வாப்பேட்டை:
பொம்மையை ஓஎச்பி ஷீட்டுல (ஒளி ஊடுருவுற பிளாஸ்டிக் ஷீட்டு) வரைஞ்சு, தலை, கை, கால்னு தனித்தனியா வெட்டுங்க. வெட்டின விளிம்பு பளபளக்கும், கறுப்பு மார்க்கர் ஓட்டிடுங்க. ஜெர்மன் அனிமேஷன் கலைஞர் லோட்டே ரைனிகர் நிழலுருவங்களுக்குக் கம்பி மூட்டு போட்டாங்க. இங்க ஒளி ஊடுருவுற பொம்மைக்குக் கம்பி தெரியும், சும்மா அடுக்கி வைக்கிறதே மேல். நகர்த்த வெள்ளிப் பட்டறைச் சாமணம் வாங்குங்க, நுனி மெல்லிசு. சேலம் வெயில் காலத்துல ஷீட்டு நிலைமின்னால ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரு காலை எடுத்தா மூணு பாகம் கூட வரும். ஈரத்துணியைப் பிழிஞ்சு கண்ணாடியை ஒரு தடவை துடைங்க. மலையில இந்தத் தொல்லை இல்ல.

ஒண்டிக்கடை:
நன்றிங்க. கேமராவோட பிம்பம் கண்ணாடியில தெரியுதே, அதுக்கு?

அம்மாபேட்டை:
கறுப்பு சார்ட்டுல லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு கேமராவுக்குக் கீழ மாட்டுங்க. கூரையையும் கறுப்புத் துணியால மறைங்க. படம் எடுக்கிறவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தா அதுவும் கண்ணாடியில தெரியும்.